யார் செஞ்சது? ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ், அப்புறம் நான் எழுதின ஒரு ரிப்போர்ட்

இந்த எபிசோட் ஒரு கிராமர் எபிசோட். உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. நான் இங்கிலீஷ் டீச்சர் கிடையாது, சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஸ்கூல்ல "சேஞ்ச் தி வாய்ஸ்"னு கேள்வி வந்தா, ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கின ஆளு. அந்தக் கேள்விக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குப் புரிஞ்சது வேலைக்கு வந்து அஞ்சு வருஷம் கழிச்சுத்தான். அதுவும் ஒரு தப்பு பண்ணின பிறகு.

"ஆபீஸ் மெயில்ல பேசிவ் வாய்ஸ் எழுதினா தப்பா? கிராமர் செக்கர் கோடு போட்டுக் காட்டுதே"ன்னு நிறைய பேர் கேட்கறாங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்தத் தப்பைச் சொல்லிடறேன்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்க ஆப்ல பணம் கட்டற பக்கம் இருக்கு. பேங்க்ல இருந்து பதில் வர எத்தனை செகண்ட் காத்திருக்கணும்னு அதுல ஒரு டைம்அவுட் செட்டிங். அது 30 செகண்டா இருந்தது. டெஸ்டிங்குக்காக நான் அதை 3 ஆக்கினேன். திருப்பி மாத்த மறந்துட்டேன். அதே கோட் ரிலீஸுக்குப் போயிடுச்சு.

என்ன ஆகும்? பேங்க் பதில் சொல்றதுக்குள்ள நம்ம ஆப் "ஃபெயில்ட்"னு காட்டிடும். ஆனா ஆளோட அக்கவுண்ட்ல பணம் போயிருக்கும். 40 நிமிஷம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் கண்டுபிடிச்சு சரி பண்ணினோம்.

ராத்திரியே ரிப்போர்ட் எழுதணும். நான்தான் எழுதினேன். அதுல ரெண்டு வாக்கியம் மட்டும் சொல்றேன்.

முதல் வாக்கியம்: "தி டைம்அவுட் வேல்யூ வாஸ் சேஞ்ச்டு." டைம்அவுட் மாற்றப்பட்டது.

ரெண்டாவது: "தி ரிலீஸ் வாஸ் டிப்ளாய்டு பை" அப்படின்னு போட்டு, பக்கத்துல எங்க டீம் ஜூனியரோட பேரு. அவங்க சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அன்னைக்கு டிப்ளாய்மென்ட் டூட்டி அவங்களோடது. நான் கொடுத்ததை அப்படியே ரிலீஸ் பண்ணினாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு வாக்கியமும் உண்மை. ரெண்டும் பேசிவ் வாய்ஸ். ஒண்ணுல "பை" இல்ல, இன்னொண்ணுல இருக்கு. என் வேலைக்கு ஆள் இல்ல, அவங்க வேலைக்கு ஆள் இருக்கு.

திங்கட்கிழமை கால்ல மேனேஜர் அவங்களைத்தான் கேட்டார். "ஏம்மா, ரிலீஸுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல?" அவங்க "ஸாரி சார்"னு சொன்னாங்க. நான் அதே கால்ல இருந்தேன். மியூட்ல.

அங்க அப்புறம் திரும்பி வர்றேன். முதல்ல கிராமர்.

அடிப்படை: யாரு முன்னாடி நிக்கறாங்க?

தமிழ்ல இதைச் செய்வினை, செயப்பாட்டுவினைன்னு படிச்சிருப்போம். ஆக்டிவ்ல, வேலையைச் செய்யறவர் எழுவாய் இடத்துல இருப்பார். பேசிவ்ல, அந்த வேலைக்கு ஆளான பொருள் அந்த இடத்துக்கு வந்துடும். செஞ்சவர் கடைசியில "பை" போட்டு வரலாம். வராமலே இருக்கவும் செய்யலாம்.

வடிவம் ரொம்ப சிம்பிள். "பி" வெர்பை ஏதாவது ஒரு காலத்துல போட்டு, அதுக்கப்புறம் வெர்போட மூணாவது ஃபார்ம். எழுதறதுக்கு "ரைட், ரோட், ரிட்டன்"னு மூணு ஃபார்ம் படிச்சோம்ல, அதுல அந்த "ரிட்டன்". "இஸ் ரிட்டன்", "வாஸ் ரிட்டன்", "இஸ் பீயிங் ரிட்டன்", "ஹாஸ் பீன் ரிட்டன்", "வில் பி ரிட்டன்". காலம் மாறும்போது முன்னாடி இருக்கற "பி" மட்டும்தான் மாறும், "ரிட்டன்" அசையவே அசையாது. நம்ம பாஷையில சொன்னா, அது கான்ஸ்டன்ட், முன்னாடி இருக்கறது வேரியபிள்.

ஒரு எச்சரிக்கை. "வாஸ்" இருக்கற இடமெல்லாம் பேசிவ் இல்ல. "ஐ வாஸ் ஸ்லீப்பிங்" ஆக்டிவ்தான், தூங்கினது நான்தானே. சந்தேகமா இருந்தா இணையத்துல ஓடற ஒரு ஜாலியான டெஸ்ட் இருக்கு. வாக்கியத்தோட கடைசியில "பை ஸோம்பீஸ்"னு சேர்த்துப் பாருங்க. பொருந்தினா பெரும்பாலும் பேசிவ். "தி ஃபைல் வாஸ் டெலீட்டட் பை ஸோம்பீஸ்", பொருந்துது. "தி சர்வர் கிராஷ்டு பை ஸோம்பீஸ்", பொருந்தல. அதனால அது பேசிவ் இல்ல.

இதுல இருந்தே நம்ம ஆபீஸ்கள்ல தினமும் நடக்கற ஒரு தப்பு புரியும். "தி எரர் வாஸ் ஹேப்பன்ட்", "தி இஷ்யூ இஸ் அக்கர்ட்"னு எழுதறோம். ரெண்டும் தப்பு. "ஹேப்பன்", "அக்கர்" இதெல்லாம் தானா நடக்கற வினைகள். செயப்படுபொருளே இல்லாத வினைக்கு எதைத் தூக்கி முன்னாடி வைக்கறது? பேசிவ் வராது. "தி எரர் ஹேப்பன்ட்", "தி இஷ்யூ அக்கர்ட்", அவ்வளவு போதும்.

இங்கிலீஷுக்கு இது ஏன் தேவைப்படுது?

ஸ்கூல்ல எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. தமிழ்ல "நாய் பூனையைத் துரத்துச்சு"ன்னு சொல்லலாம். "பூனையை நாய் துரத்துச்சு"ன்னும் சொல்லலாம். வரிசை மாறினாலும் துரத்தினது நாய்தான். காரணம், பூனையோட ஒட்டிட்டு இருக்கற "ஐ" உருபு. பூனை வாக்கியத்துல எங்க போய் நின்னாலும் அந்த அடையாள அட்டை கழுத்துல இருக்கு.

இங்கிலீஷ்ல பூனைக்கு அந்த அட்டை கிடையாது. இடம்தான் அடையாளம். "தி டாக் சேஸ்டு தி கேட்"ல ரெண்டையும் இடம் மாத்தினா பூனை நாயைத் துரத்தின கதை ஆயிடும். அப்போ, பேச்சு பூனையைப் பத்தி ஓடிட்டு இருக்கு, பூனையை முன்னாடி வைக்கணும், ஆனா துரத்தினது நாய்தான்னா என்ன பண்றது? "தி கேட் வாஸ் சேஸ்டு பை தி டாக்". அதுதான் பேசிவோட முக்கியமான வேலை. தமிழ் உருபை வெச்சு செய்யற வேலையை இங்கிலீஷ் பேசிவை வெச்சு செய்யுது.

அதனாலதான் தமிழ்ப் பேச்சுல நாம "படு" போட்டுப் பேசறதே அபூர்வம். "நான் அவனால் அடிக்கப்பட்டேன்"னு எந்த வீட்டுல யாரு சொல்லியிருக்கா? "அவன்கிட்ட அடி வாங்கினேன்"னுதான் சொல்லுவோம். திட்டு வாங்கினேன், அடி வாங்கினேன். வாங்கறது நாமதான், வடிவம் ஆக்டிவ். அனுபவம் மட்டும் பேசிவ்.

பேசிவ் சரியா வேலை செய்யற இடங்கள்

"பேசிவைத் தவிர்"ங்கற அறிவுரை இங்கிலீஷ்ல ரொம்பப் பழசு. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல எழுதின ஒரு புகழ்பெற்ற கட்டுரையில, ஆக்டிவ் போட முடிஞ்ச இடத்துல பேசிவ் போடாதேன்னு ஒரு விதியே வெச்சார். அமெரிக்கக் கல்லூரிகள்ல தலைமுறை தலைமுறையா ஓடின "தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்" புத்தகமும் அதையேதான் சொல்லுது. அந்தப் புத்தகத்துக்கு 50 வருஷம் ஆன 2009-ல, ஜெஃப்ரி புல்லம்ங்கற மொழியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பேசிவைத் திருத்தறதா அந்தப் புத்தகம் காட்டற நாலு உதாரணத்துல மூணு பேசிவே இல்லன்னு எடுத்துக் காட்டினார். அறிவுரை சொல்றவங்களுக்கே குழப்பம்னா, நம்ம கிராமர் செக்கரைச் சொல்லி என்ன பயன்?

உண்மையில பேசிவ் தேவைப்படற இடங்கள் தெளிவா இருக்கு.

ஒண்ணு, செஞ்சவர் யாருன்னு தெரியாது. "மை பைக் வாஸ் ஸ்டோலன்." திருடன் பேரு தெரிஞ்சா நான் ஏன் இங்க உட்கார்ந்திருக்கேன்?

ரெண்டு, செஞ்சவர் யாருன்னு சொல்லவே வேண்டாம். "ஹி வாஸ் அரெஸ்டட்." போலீஸ்தான் பண்ணுவாங்க. "ஐ வாஸ் பார்ன் இன் மதுரை." அதுவும் பேசிவ்தான். அதை ஆக்டிவா மாத்தணும்னா அம்மாவைக் கூப்பிடணும்.

மூணு, பேச்சோட தொடர்ச்சி. பென்சிலினைப் பத்தி ஒரு பத்தி எழுதறீங்க. "பென்சிலின் வாஸ் டிஸ்கவர்ட் பை அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் இன் 1928"னு எழுதினா, பேச்சு பென்சிலின்லயே நிக்கும். ஃபிளெமிங்கைப் பத்தின பத்தின்னா, "ஃபிளெமிங் டிஸ்கவர்ட் பென்சிலின்"தான் சரி. ரெண்டுல எது ஒசத்திங்கறது கேள்வி இல்ல. நீங்க யாரைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்கங்கறதுதான் கேள்வி.

நாலு, மரியாதை. ஆப்ல பாஸ்வேர்ட் தப்பா போச்சுன்னு வைங்க. "யூ என்டர்ட் தி ராங் பாஸ்வேர்ட்"னா விரல் நீட்டற மாதிரி இருக்கும். "தி பாஸ்வேர்ட் வாஸ் நாட் ரெகக்னைஸ்டு"ன்னா விஷயம் அதே, குத்தம் சொல்ற தொனி இல்ல. இங்க பேசிவ் ஒரு நாகரிகம்.

ஒளிஞ்சுக்கற இடங்கள்

இப்போ மறுபக்கம். 1987 ஜனவரி. அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன். ஈரானுக்கு ரகசியமா ஆயுதம் வித்ததும், அதுல வந்த பணம் நிகராகுவா கிளர்ச்சியாளர்களுக்குப் போனதும் வெளிய வந்து பெரிய விவகாரம் ஆகியிருந்த நேரம். நாடாளுமன்றத்துல வருஷாந்திர உரையில அவர் சொன்னது: "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்." பெரிய தவறுகள் செய்யப்பட்டன. யாரால? வாக்கியத்துல ஆளே இல்ல.

அஞ்சு வாரம் கழிச்சு, மார்ச் 4-ஆம் தேதி, அதே ரீகன் டிவியில வந்து, என்னோட செயல்களுக்கும் என் நிர்வாகத்தோட செயல்களுக்கும் முழுப் பொறுப்பையும் நான் ஏத்துக்கறேன்னு சொன்னார். இந்தத் தடவை வாக்கியத்துல "ஐ" இருந்தது. விவகாரம் அதோட முடியல. ஆனா ரெண்டு வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, கிராமர் என்ன பண்ணும்னு தெரியும்.

சரி, இதை வெச்சு பேசிவ்தான் வில்லன்னு சொல்லலாமா? முடியாது. "மிஸ்டேக்ஸ் ஹேப்பன்ட்"னு சொல்லியிருந்தாலும் ஆள் காணாமதான் போயிருப்பார், அது ஆக்டிவ். "தி சர்வர் வென்ட் டவுன்", அதுவும் ஆக்டிவ். சர்வர் தானா போய்ப் படுத்துக்கிச்சாம்!

தமிழ்ல நாம இதுல கில்லாடிங்க. கை தவறி டம்ளரை உடைச்சிட்டு "டம்ளர் உடைஞ்சிடுச்சு"ன்னு சொல்லாத குழந்தை உண்டா? "உடைச்சேன்"க்கும் "உடைஞ்சுது"க்கும் நடுவுல சின்ன வித்தியாசம்தான், ஆனா அடி விழறதும் விழாததும் அதுலதான். அப்புறம் நம்ம "ஆச்சு". "மெயில் அனுப்பியாச்சு", "டெஸ்ட் பண்ணியாச்சு". யாரு பண்ணினா? கேட்டாதான் தெரியும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "இது பேசிவா?" இல்ல. "இதுல யாரு காணோம், ஏன் காணோம்?" அதுதான்.

நம்ம வேலையில இதோட விலை

ஒரு ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்ல இப்படி ஒரு வரி வருதுன்னு வைங்க: "தி ஃபைல் வில் பி டெலீட்டட் ஆஃப்டர் 30 டேஸ்." படிக்க சுத்தமா இருக்கு. யாரு டெலீட் பண்றது? பேக்எண்ட் டீம், ஸ்டோரேஜ் டீம் பார்த்துப்பாங்கன்னு நினைக்கும். ஸ்டோரேஜ் டீம், பேக்எண்ட்ல எழுதியிருப்பாங்கன்னு நினைக்கும். 30 நாள் கழிச்சும் ஃபைல் அங்கேயே இருக்கும். அந்த பக் கோட்ல இல்ல, வாக்கியத்துல இருக்கு.

மீட்டிங் நோட்ஸும் அப்படித்தான். "இட் வாஸ் டிசைடட் டு மூவ் தி டேட்"னு எழுதினா, அடுத்த வாரம் "யாரு முடிவு பண்ணினா?"ன்னு ஒரு தனி மீட்டிங் நடக்கும்.

ஆனா இன்சிடென்ட் ரிப்போர்ட்ல பேரு போட்டுக் குத்தம் சொல்லக்கூடாதுன்னு ஒரு நல்ல பழக்கம் நம்ம துறையில இருக்கே? இருக்கு. "பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்". 2012-ல எட்ஸி நிறுவனத்துல இருந்த ஜான் ஆல்ஸ்பா இதைப் பத்தி எழுதினது பரவலா படிக்கப்பட்டது. 2016-ல வந்த கூகுளோட எஸ்ஆர்ஈ புத்தகத்துலயும் இதுக்குத் தனி அத்தியாயம் இருக்கு. தண்டனை பயம் இருந்தா ஜனங்க நடந்ததைச் சொல்ல மாட்டாங்க, சொல்லலன்னா அதே தப்பு திரும்ப நடக்கும். அதுதான் அடிப்படை.

கவனிங்க, அவங்க சொல்றது குத்தம் சுமத்தாதேங்கறதுதான். நடந்ததை மறைன்னு சொல்லல. பேரு போட வேண்டாம்னா பொறுப்பைப் போடலாம்: "தி டெவலப்பர் சேஞ்ச்டு தி டைம்அவுட் ஃப்ரம் 30 டு 3. தி ரிவ்யூவர் டிட் நாட் நோட்டிஸ் இட்." ரெண்டும் ஆக்டிவ், ஒரு பேரும் இல்ல, ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசா தெரியுது. எங்க செக் வைக்கணும்னும் தெரியுது.

என் ரிப்போர்ட் இதுல எதுலயும் சேராது. அது பிளேம்லெஸ்ஸும் இல்ல, நேர்மையும் இல்ல. ஒருத்தருக்கு மட்டும் "பை" போட்ட ரிப்போர்ட்.

அந்த மெயில்

திங்கள் கால் முடிஞ்ச பிறகு அவங்க எனக்கு மெசேஜ் பண்ணாங்க. "அண்ணா, டிப்ளாய் பண்றதுக்கு முன்னாடி நான் எதெல்லாம் செக் பண்ணியிருக்கணும்? லிஸ்ட் இருந்தா அனுப்புங்க, இனிமே விடமாட்டேன்." என்னைக் கேள்வி கேட்கல. தப்பு தன்னோடதுன்னே நம்பிட்டாங்க. என்னோட வாக்கியம் அவங்களையே நம்ப வெச்சிடுச்சு.

அன்னைக்கு நான் பதில் போடல. மறுநாளும் போடல. புதன்கிழமை காலையில ரிப்போர்ட்டைத் திறந்து அந்த ரெண்டு வாக்கியத்தையும் மாத்தினேன். "ஐ சேஞ்ச்டு தி டைம்அவுட் ஃப்ரம் 30 செகண்ட்ஸ் டு 3 அண்ட் டிட் நாட் ரிவர்ட் இட். தி ரிலீஸ் வாஸ் டிப்ளாய்டு அஸ் பிளான்ட்." ரெண்டாவது இன்னும் பேசிவ்தான். இப்போ அதுல "பை" இல்ல. அந்த இடத்துல யாரு டிப்ளாய் பண்ணினாங்கங்கறது விஷயமே இல்ல, அதனால.

முதல்ல ரிப்போர்ட் போன அதே எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன், மேல ஒரு வரி சேர்த்து: முதல் ரிப்போர்ட்ல நான் இதைத் தெளிவா எழுதல, தப்பு என்னோடது.

மேனேஜர் என்னைத் தனியா கூப்பிட்டார். திட்டு வாங்கினேன். செட்டிங்கை மாத்தினதுக்குக் கொஞ்சம், மூணு நாள் சும்மா இருந்ததுக்கு நிறைய. நியாயம்தான். அடுத்த கால்ல எல்லார் முன்னாடியும் அவங்ககிட்ட "உன் மேல தப்பில்லம்மா"ன்னு சொன்னார். அவங்க எனக்கு அனுப்பினது ஒரே ஒரு வரி: "திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம் அண்ணா." அதுக்கு என்கிட்ட இன்னைக்கும் பதில் இல்ல.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை

கடைசியா நீங்க அனுப்பின மூணு மெயிலைத் திறங்க. "வாஸ்", "வேர்", "ஹாஸ் பீன்", "வில் பி" வர்ற இடத்துல எல்லாம் நின்னு "யாரால?"ன்னு கேளுங்க. படிக்கறவங்களுக்கு அந்தப் பதில் வேணாம்னா, பேசிவ் அப்படியே இருக்கட்டும், கோடு போடற சாஃப்ட்வேரை விட்டுத்தள்ளுங்க. வேணும்னா எழுதுங்க. அந்தப் பதில் "நான்"னு வந்தா, அந்த வாக்கியத்தை முதல்ல மாத்துங்க.

இந்தப் பக்கத்துல நீங்க படிச்சது, பேசினதைத் திருத்தி எழுதின வடிவம். "திருத்தப்பட்ட வடிவம்"னுதான் மேல போடறதா இருந்தேன். திருத்தினது நான்தான். பிழை இருந்தா என்கிட்டயே சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.